‘ரீஇன்னர்வேஷன்’ என்றால் மறுபடியும் பலவீனமா?

கேள்வி (சுருக்கமாக): வாசகிக்கு வயது 44. அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் முதுகு பிடித்துக்கொண்டு, இடது கால் வழியாக வலி இறங்கியது. அந்தக் காலில் செருப்பு தானாகக் கழன்று விழும், படி ஏறும்போது பெருவிரல் தட்டும். சில மாதங்களில் அது சரியாகிவிட்டது. ஆனால் கடந்த ஏழு மாதமாக ‘உடம்பு முழுக்க வீக்னஸ்’. மருத்துவர் ஊசி வைத்துப் பார்க்கும் ஈஎம்ஜி பரிசோதனைக்கு அனுப்பினார். ஆங்கில அறிக்கையில் ‘குரோனிக் டீனர்வேஷன்’, ‘ரீஇன்னர்வேஷன்’, ‘சப்ஜெக்டிவ் வீக்னஸ்’, ‘பவர் 5/5’ என்றெல்லாம் இருந்ததாம். அவர் அகராதியைப் புரட்டினார். ‘எனர்வேட்’ என்றால் வலுவிழக்கச் செய்தல் என்று போட்டிருந்தது. உடனே கணக்குப் போட்டுவிட்டார்: நரம்பு செத்துவிட்டது, இப்போது மறுபடியும் வலுவிழக்கிறது, டாக்டரோ நான் நடிக்கிறேன் என்கிறார். போதாக்குறைக்கு, போன வாரம் மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலில் ‘உங்கள் வகுப்பு ரொம்ப எனர்வேட்டிங்காக இருந்தது, இதுபோல் இன்னும் நடத்துங்கள்’ என்று எழுதியிருக்கிறார். ‘என் நோயைத் தெரிந்துகொண்டு குத்திக்காட்டுகிறாரா? வேலையை விட்டுவிடலாமா? டாக்டர் மேல் புகார் கொடுக்கலாமா?’ என்று கேட்கிறார். நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டார், மருத்துவரிடம் போவதையும் நிறுத்திவிட்டார்.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் பயம் தெரிந்தது, இரண்டாம் முறை கடைசிப் பத்தியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த அறிக்கை.

நீங்கள் பயந்த வார்த்தைதான் அந்த அறிக்கையிலேயே நல்ல வார்த்தை. ரீஇன்னர்வேஷன் என்றால் தசைக்கு மறுபடியும் நரம்பு இணைப்பு கிடைத்திருக்கிறது என்று பொருள். ‘மறுபடி பலவீனம்’ என்று நீங்கள் படித்தது உங்கள் தவறு கூட இல்லை, இந்த மூன்று நான்கு சொற்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுபோல் இருப்பவை. மருத்துவ மாணவர்களே குழம்புவதைப் பார்த்திருக்கிறேன், நானும் குழம்பியவன்தான்.

ஒரே வேர், நாலு வார்த்தை

லத்தீனில் ‘நெர்வஸ்’ என்ற சொல்லுக்கு முதலில் தசைநார் என்றுதான் அர்த்தம். தசையை எலும்போடு கட்டிப்போடும் அந்த வெள்ளைக் கயிறு. வில்லின் நாணுக்கும் அதே சொல்தான். கிரேக்கத்தின் ‘நியூரான்’ கதையும் இதேதான். நம் ‘நரம்பு’ மட்டும் என்ன, யாழில் கட்டுவதும் நரம்பு, கையில் புடைத்துத் தெரிகிற ரத்தக்குழாயும் பேச்சில் நரம்பு, மூளையிலிருந்து வருவதும் நரம்பு. உடலுக்குள் நீளமாக, கயிறுபோல் ஓடுவதையெல்லாம் ஒரே பெயரில் கூப்பிட்டுவிட்டார்கள். எது நார், எது நரம்பு என்று பிரித்துப் பார்த்தவர்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் உடலை அறுத்துப் பார்த்த ஹெரோஃபிலஸ் போன்றவர்கள். பழைய பழக்கம் இன்னும் போகவில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன்: ‘அப்போநியூரோசிஸ்’ என்று ஒன்று எல்லார் உடம்பிலும் இருக்கிறது, பெயரில் நியூரான் இருக்கிறதே ஒழிய அது விரித்த துணி மாதிரியான தசைநார்ப் படலம்.

இப்போது ‘எனர்வேட்’. முன்னால் இருக்கிற ‘எ’ லத்தீனில் ‘வெளியே’ என்பதைக் குறிக்கும். நாரை உருவி எடுத்துவிடுவது. நார் போனால் கால் துவண்டுவிடும் இல்லையா, அதிலிருந்து வலுவை உறிஞ்சிவிடுவது, தெம்பைக் குலைத்துப் போடுவது என்று பொருள் வந்தது. சுமார் 1600 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல். இதே பாணியில் ஆங்கிலத்தில் இன்னொன்றும் உண்டு, தொடைக்குப் பின்னால் இருக்கும் ஹேம்ஸ்ட்ரிங் நாரை வெட்டி முடமாக்குவதிலிருந்து, ஒருவரைச் செயல்படவிடாமல் முடக்குவதற்கே ‘ஹேம்ஸ்ட்ரிங்’ என்கிறார்கள். கொஞ்சம் கொடூரமான கற்பனைதான்.

‘இன்னர்வேட்’ பிறந்தது 19-ஆம் நூற்றாண்டில். அதற்குள் ‘நர்வ்’ என்றால் நரம்புதான் என்று முடிவாகிவிட்டதால், ஒரு தசைக்கு நரம்பு இணைப்புக் கொடுப்பது என்று பொருள். எழுத்தில் ஒரு எழுத்துதான் கூடக்குறைய, காதில் கிட்டத்தட்ட ஒன்றேதான், பொருளோ ஏறக்குறைய எதிர். ‘டீனர்வேட்’ என்றால் அந்த இணைப்பு அறுந்துபோவது. சில சமயம் மருத்துவர்களே வேண்டுமென்று அறுப்பதும் உண்டு, தீராத முதுகு மூட்டு வலிக்கு வலியைக் கடத்துகிற நுண்ணிய நரம்பைச் சுட்டுவிடும் சிகிச்சைக்கு அதே பெயர்தான். ‘ரீஇன்னர்வேட்’ என்பது அறுந்த இணைப்பு திரும்ப வருவது. எனர்வேட் என்ற சொல்லுக்கு மருத்துவ அறிக்கையில் வேலையே இல்லை. அது கதைகளிலும் கட்டுரைகளிலும் வருகிற சொல், புழுக்கமான மத்தியானத்தைப் பற்றி எழுதுபவர்களுக்குப் பிடித்தமானது.

‘குரோனிக்’ பற்றியும் ஒரு வரி. அதை ‘முற்றிய’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் காலத்தைத்தான் சொல்கிறது, தீவிரத்தைச் சொல்லவில்லை. ‘பழையது’ என்று படியுங்கள், பாதி பயம் போய்விடும்.

ஊசிக்கு என்ன கேட்டது

அந்தப் பரிசோதனையில் மெல்லிய ஊசியைத் தசைக்குள் வைத்தபோது ஒரு ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் கேட்டிருக்கும், நினைவிருக்கிறதா? நல்ல தசை சும்மா இருக்கும்போது சத்தமே போடாது. நரம்பு இணைப்பை இழந்த தசைத்துணுக்குகள் மட்டும் இரண்டு மூன்று வாரம் கழித்துத் தாமாகத் துடிக்க ஆரம்பிக்கும், அந்தச் சத்தத்தைத் தகரக்கூரையில் மழை விழுவது மாதிரி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். உங்கள் அறிக்கையில் ‘ஆக்டிவ் டீனர்வேஷன் இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறது, நீங்களே கடிதத்தில் எடுத்து எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த மழைச் சத்தம் கேட்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அப்புறம் காலை மேலே தூக்கச் சொல்லியிருப்பார்கள். அப்போது திரையில் வருகிற அலைகள் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் அகலமாகவும் இருந்திருக்க வேண்டும். ஏன் என்றால், ஒரு நரம்பிழை விட்டுப்போனால் பக்கத்தில் பிழைத்திருக்கிற இழை ஒரு கிளை விட்டு, அநாதையான தசைத்துணுக்குகளையும் சேர்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து விளக்குப் போடுவது மாதிரி. ஒரே இழை இப்போது இரண்டு வீட்டுக்கு வேலை செய்வதால் அலை பெரிதாக வரும். முதுகில் நசுங்கிய நரம்பால் ஒன்றரை வருஷத்துக்கு முன் உங்கள் பாதம் தொங்கியது, பிறகு உங்கள் உடம்பே ஒயர் இழுத்து அதைச் சரிசெய்துகொண்டது, அந்தப் பழைய தழும்பு பரிசோதனையில் தெரிகிறது. கதை இவ்வளவுதான். செருப்பு கழன்று விழுவது நின்றுவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அறிக்கையும் அதைத்தான் அதன் பாஷையில் சொல்கிறது.

‘வீக்னஸ் இல்லை’ என்று எழுதியவர் உங்களைப் பொய் சொல்பவர் என்றாரா?

உங்களை ரொம்பவும் நோகடித்தது இதுதான் என்று தெரிகிறது. ‘எழுந்து குளிக்கவே மலைப்பாக இருக்கிறது, இவர் வீக்னஸ் இல்லை என்று எழுதுகிறார்’ என்று கொட்டியிருக்கிறீர்கள். நியாயமான கோபம். ஆனால் இங்கே நடந்திருப்பது மொழிக் குழப்பம் என்று நினைக்கிறேன்.

நாம் ‘வீக்னஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு அடைத்துவிட்டோம். அசதி, சோர்வு, களைப்பு, தளர்ச்சி, தெம்பில்லாமை, கை வழங்காமை என்று தமிழில் தனித்தனியாக அழகாக இருந்ததெல்லாம் மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் வீக்னஸ் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் வீட்டுப் பேச்சில் அவர்களும் அப்படித்தான் புழங்குகிறார்கள், ‘ஐ ஃபீல் வீக்’ என்றால் காய்ச்சல்காரரும் சொல்வார், பசியில் இருப்பவரும் சொல்வார். ஆனால் நரம்பு மருத்துவர் எழுதும்போது வீக்னஸ் என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: ஒரு குறிப்பிட்ட தசையை எதிர்த்து அழுத்திப் பார்த்தால் அதில் பலம் குறைவு. அசதிக்கு ‘ஃபட்டீக்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஓரளவு வலு இழந்தால் ‘பரேசிஸ்’, முழுக்கவே போய்விட்டால் ‘ப்ளீஜியா’. பொதுவான தளர்ச்சிக்கு ‘அஸ்தீனியா’, கிரேக்கத்தில் வலு இல்லாமை என்று பொருள்.

5/5 என்பது தேர்வு மதிப்பெண் மாதிரித்தான். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1943-இல், போர்க்காலத்தில் நரம்புக் காயங்களைக் கணக்கிட வெளியிட்ட அளவுகோல். அசைவே இல்லாவிட்டால் 0, லேசான துடிப்பு மட்டும் தெரிந்தால் 1, புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிந்தால் 3, மருத்துவர் அழுத்துவதையும் தாக்குப்பிடித்தால் 4, இயல்பான பலம் என்றால் 5. இதில் ‘காலையில் எழுந்திருக்க முடிகிறதா’ என்ற கேள்விக்கு இடமே கிடையாது. அதனால் 5/5 வாங்கிய ஒருவர் படுக்கையை விட்டு எழ முடியாமல் இருப்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. (உண்மையைச் சொன்னால் 5/5 என்பதும் தேவவாக்கு கிடையாது. நல்ல பலசாலியின் கால் கொஞ்சம் வலு இழந்தாலும் டாக்டரின் கை அதைக் கண்டுபிடிக்காது. அதனால்தான் குதிகாலால் நடக்கச் சொல்லிப் பார்ப்போம்.)

‘சப்ஜெக்டிவ்’ என்பதற்கு ‘கற்பனை’ என்று அகராதியில் பார்த்தேன் என்கிறீர்கள். மருத்துவக் குறிப்பில் அது ‘நோயாளி தாமே உணர்ந்து சொல்வது’. வலியும் சப்ஜெக்டிவ்தான், தலைசுற்றலும் சப்ஜெக்டிவ்தான். அதே குறிப்பில் ‘கம்ப்ளெய்ன்ஸ் ஆஃப்’ என்று இருந்தால் அதற்கும் கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் புகார்ப் பேர்வழி என்று அதற்குப் பொருள் இல்லை. எங்கள் தொழிலின் நடை அப்படி அமைந்துவிட்டது, படிப்பவருக்கு எப்படித் தைக்கும் என்று எழுதுகிறவர்கள் யோசிப்பதில்லை. அது எங்கள் தவறுதான்.

‘இது நரம்புத் தளர்ச்சிதானே?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 1869-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் ‘நியூராஸ்தீனியா’ என்று ஒரு நோயைப் பற்றி எழுதினார், நவீன வாழ்க்கை நரம்பின் சக்தியை உறிஞ்சிவிடுகிறது என்பது அவர் வாதம். அசதி, தலைவலி, தூக்கமின்மை, கவலை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் பத்தாம் பதிப்பு வரை இருந்த அது, பதினோராம் பதிப்பில் தனி நோயாக இல்லை. ஆனால் நம் பேச்சில் நரம்புத் தளர்ச்சி இன்னும் நன்றாக உயிரோடு இருக்கிறது, கை நடுக்கத்துக்கும் அதுதான், பதற்றத்துக்கும் அதுதான், வெளியே சொல்லக் கூச்சப்படுகிற பிரச்சினைகளுக்கும் அதுதான். உங்களுக்கு அந்த முத்திரை வேண்டாம். அதை நம்பி ‘நரம்புக்கு நல்லது’ என்று நீங்களாக வாங்கிப் போடும் வைட்டமின் மாத்திரையை மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள், அதில் பி6 அதிக அளவில் இருந்து மாதக்கணக்கில் போட்டால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும்.

மேலாளரின் மின்னஞ்சல்

‘இதுபோல் இன்னும் நடத்துங்கள்’ என்று எழுதியிருக்கிறார். ஆளைத் துவளச் செய்த வகுப்பை இன்னும் நடத்துங்கள் என்று யாராவது சொல்வார்களா? பாவம், அவர் ‘எனர்ஜைசிங்’ என்று பாராட்ட நினைத்திருக்கிறார். எனர்வேட்டும் எனர்ஜியும் முதல் சில எழுத்துகளில் ஒன்றுபோல் இருப்பதால் இந்தத் தவறு ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் சகஜம், அகராதிகளே இதைக் குறித்து எச்சரிக்கின்றன. எனர்ஜி என்பதோ வேறு குடும்பம், ‘எர்கான்’ அதாவது வேலை என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதற்காக ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். அவரிடம் போய்த் திருத்தவும் வேண்டாம், ‘நன்றி’ என்று பதில் போட்டுவிடுங்கள், போதும்.

சொற்கள் தலைகீழாவதும் புதிதில்லை. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் ‘நெர்வஸ்’ என்பதற்கு முதல் பொருளே உறுதியான, வலுவான என்றுதான் இருக்கிறது! பலவீனமான நரம்புள்ளவர் என்ற பொருளை மருத்துவர்களின் கொச்சை என்று ஒதுக்கிவைத்தார். கடைசியில் கொச்சைதான் ஜெயித்தது.

இனி என்ன செய்யலாம்

மருத்துவர் மேல் புகார் என்பதற்கு இதில் முகாந்திரம் இல்லை. உங்கள் அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குவதும், புரியாத வரியை விளக்கச் சொல்வதும், நீங்கள் சொன்னது தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தக் கேட்பதும் நோயாளியாக நீங்கள் தாராளமாகச் செய்யக்கூடியவை. அதற்குச் சண்டை தேவையில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் வேறு ஒரு மருத்துவரிடம் போவதிலும் தப்பில்லை. ஆனால் இப்போதைக்கு இவரிடமே ஒருமுறை போங்கள் என்பேன், ஊசிப் பரிசோதனை வரை யோசித்தவர் உங்களை அலட்சியமாகப் பார்த்திருக்க மாட்டார். நடப்பதையும் மெதுவாக மறுபடி தொடங்குங்கள். நடக்காமல் இருந்தால் நல்ல தசையும் மெலிந்துபோகும், அப்போது நிஜமாகவே வீக்னஸ் வந்துவிடும்.

இந்த முறை ‘வீக்னஸ்’ என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா, தலை சீவும்போது கை இறங்கிவிடுகிறதா, பாட்டில் மூடி திறக்க வருகிறதா, காலையில் மோசமா சாயங்காலமா, தூங்கி எழுந்தாலும் அசதி இருக்கிறதா, சாயங்காலம் ஆக ஆக இமை கீழே சரிகிறதா. இதில் ஒவ்வொன்றும் எங்களை ஒவ்வொரு பக்கம் கூட்டிப்போகும். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் மயஸ்தீனியாவை, அதாவது வேலை செய்யச் செய்யத் தசை வலுவிழக்கிற நோயைத் தேடுவோம், எல்லாம் செய்ய முடிகிறது ஆனால் செய்யத் தெம்பில்லை என்றால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12, தூக்கத்தில் மூச்சடைப்பு, மனச்சோர்வு என்று வேறு பட்டியல்.

சில விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. திடீரென்று ஒரு பக்கக் கை கால் வழங்காமல் போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது. சில நாட்களுக்குள் காலிலிருந்து மேல்நோக்கி ஏறுகிற வலுவின்மை. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம். முதுகுவலியோடு சிறுநீர், மலக் கட்டுப்பாடு போவது. இவற்றில் எது வந்தாலும் அப்போதே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

இப்போது அந்த ஒரு வரி. கடிதத்தின் கடைசியில், ‘கால் வலிக்காக எட்டு மாசமா ப்ரீகாபலின் காலையும் ராத்திரியும் போடுகிறேன், வலி பரவாயில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அசதி தொடங்கியது எப்போது? ஏழு மாதம் முன்பு. அந்த மாத்திரைக்குத் தூக்கக் கலக்கமும் அசதியும் தலைசுற்றலும் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவுகள். அதுதான் காரணம் என்று பார்க்காமல் நான் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் ‘டீனர்வேஷன்’ மேல் வைத்த சந்தேகத்தில் கால் பங்கை அதன் மேல் வைத்திருந்தால்கூட இந்த ஏழு மாதம் வேறு மாதிரி போயிருக்கலாம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று விட்டால் தூக்கமின்மை, குமட்டல், பதற்றம் வரும், சிலருக்கு வலிப்பு வரை போகலாம். அளவைக் குறைப்பதா, காலை வேளையை விட்டுவிடுவதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை எழுதிக்கொடுத்தவரே முடிவு செய்யட்டும், குறைத்தாலும் படிப்படியாகத்தான். போகும்போது அறிக்கையோடு மாத்திரை அட்டையையும், அந்த வைட்டமின் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.